கோதையாற்றுத் தண்ணீரும் ஓல்காவின் கேள்வியும்

முதல் நாள்: ஆரல்வாய்மொழி

ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போதே மருமகளிடம் சொன்னேன், ஜன்னலைச் சாத்து என்று. கேட்கவில்லை. கையிலிருந்த குறிப்புத் தாள்களில் இரண்டு வெளியே பறந்து போயின. ஆனி மாதத்தில் இந்த இடத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பவர்களுக்கு இதுதான் கதி. மலை இங்கே ஓர் இடுக்கு விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்குக்குள் முண்டியடித்து வரும்போது வேகம் கூடிவிடுகிறது. முப்பந்தல் வரை கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் காற்றாலை நிற்பது இதனால்தான்.

பறந்துபோன தாள்களில் இருந்ததும் காற்றைப் பற்றிய சமன்பாடுதான். "அது அதோட வீட்டுக்கே போயிடுச்சு மாமா" என்றாள்.

மருமகள் என்றால் என் தங்கை மகள். எம்.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருடம். கல்லூரியில் ஒரு மணி நேரம் கருத்தரங்கில் பேசவேண்டும். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு ஓல்கா லதிஷென்ஸ்கயா என்ற ரஷ்யக் கணித மேதை. தண்ணீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்று சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர். நான் 31 வருடம் பாலிடெக்னிக்கில் நீரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். "நீங்க தண்ணி ஆளு, எனக்குப் புரிய வைங்க" என்று ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டாள். மேஜையில் வைத்துப் புரியவைக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பேச்சிப்பாறை அணையில் தொடங்கி, அதே தண்ணீரின் கூடவே தேங்காப்பட்டணத்தில் கடல் வரை போவது என்று முடிவானது. பயணம் முழுக்கக் கன்னியாகுமரி என்ற ஒரே மாவட்டத்துக்குள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வருடா வருடம் அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் முழுசாக எழுதுவேன். "இதை முழுசாத் தீர்க்க முடியாது, அதனால இது சின்னது, இது சின்னது" என்று ஒவ்வொரு உறுப்பாக அடித்துவிடுவேன். கடைசியில் மிஞ்சுவதை வைத்துக் குழாய்க் கணக்கு போடுவோம். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "சார், முழுச் சமன்பாட்டுக்கு விடை இருக்குன்னு முதல்ல தெரியுமா?" என்றான். "தண்ணி ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். எங்கே இருக்கிறானோ. தண்ணீர் ஓடுவது தண்ணீருக்குத்தான் சாட்சி. நாம் எழுதி வைத்த சமன்பாட்டுக்கு அது எப்படிச் சாட்சியாகும்? இதை நான் உணர்ந்தபோது எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது.

நாகர்கோவிலில் இறங்கி ரசவடை சாப்பிட்டோம். அறைக்கு ஃபோனில் சொன்ன வாடகை ஒன்று, நேரில் கேட்டது வேறொன்று. சண்டை போடத் தெம்பில்லை.

இரண்டாம் நாள்: பேச்சிப்பாறை

குலசேகரம் வரை ஒரு பஸ், அப்புறம் இன்னொன்று. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். மழை விட்ட நேரத்தில் மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

கோதையாற்றுக்குக் குறுக்கே இந்த அணையை 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர், ராஜா மூலம் திருநாள். கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். முழுக்கொள்ளளவு 48 அடி. சானல் சானலாகப் பிரிந்து விளவங்கோட்டிலிருந்து அகஸ்தீஸ்வரம் வரை வயலுக்குப் போவது இந்தத் தண்ணீர். இந்த ஊரில் கால்வாயைக் 'கால்வாய்' என்று சொல்கிற ஆளைத் தேடவேண்டும், எல்லோருக்கும் அது சானல்தான். அணையின் மேல் நின்று பார்த்தால் ஒரு சலனமும் இல்லை, மலையும் மேகமும் தலைகீழாகக் கிடக்கின்றன. மதகுப் பக்கம் போனால் அதே தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு வருகிறது.

அங்கே மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் டீக்கடையில் மாட்டினார். மருமகள் தன் கருத்தரங்கை அவரிடமே ஆரம்பித்துவிட்டாள். "தாத்தா, ஷட்டரை இன்னிக்கும் நாளைக்கும் ஒரே அளவு தொறந்தா தண்ணி ஒரே மாதிரி வருமா?"

"எவ்வளவு வரும்னு கேட்டா சார்ட்டு இருக்கு மக்ளே, அதுபடி வரும்" என்றார். "எப்பிடி வரும்னு கேட்டியன்னா அது எனக்கும் தெரியாது, தண்ணிக்கும் தெரியாது."

அவள் உடனே குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். நான் இன்னொரு கட்டன் சாயா சொன்னேன்.

அணைக்கரையில் உட்கார்ந்து ஓல்காவின் கதையை அவள் எனக்குச் சொன்னாள். 1922 மார்ச் 7, கொலோக்ரிவ் என்ற சின்ன ஊர், உன்ஷா ஆற்றங்கரை. அப்பா கணக்கு வாத்தியார். ஒரு கோடை விடுமுறையில் மூன்று பெண்களையும் உட்காரவைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். கடைக்குட்டி ஓல்கா அதைப் பிடித்துக்கொண்டாள். 1937-ல் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் அப்பாவைக் கைது செய்து கொன்றது. பட்டம், 'மக்கள் விரோதி'. ஓல்காவுக்குப் பதினைந்து வயது. அம்மாவும் அக்காமாரும் துணி தைத்து, செருப்பு தைத்து, சோப்பு காய்ச்சி வீட்டை ஓட்டினார்கள்.

1939-ல் பள்ளியை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்றார்கள். மக்கள் விரோதியின் மகள் அல்லவா. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாள். போர் வந்தது, ஊருக்குத் திரும்பி அப்பா பாடம் நடத்திய அதே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். அங்கே படித்த ஒரு மாணவரின் அம்மா விடாப்பிடியாக நின்று முயற்சி எடுத்ததால்தான் 1943-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தது.

"வாத்தியார் வேலை வாத்தியாருக்கே திரும்பி வந்திருக்கு, பாத்தீங்களா மாமா" என்றாள். நான் அந்தப் பையனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனைவர் பட்டத்துக்கு மேலான டாக்டர் பட்டத்துக்கு 1951-லேயே ஆய்வேடு தயார். 1953-ல் ஸ்டாலின் செத்த பிறகுதான் அதை முன்வைக்க முடிந்தது. அப்பா குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொள்ள 1956 ஆயிற்று.

மூன்றாம் நாள்: திற்பரப்பு

இன்று எழுத வேண்டியது நிறைய. கணக்கு பிடிக்காதவர்கள் அருவியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம், கோபப்படமாட்டேன்.

திற்பரப்பில் எல்லோரும் நேராக அருவிக்குக் கீழே ஓடுகிறார்கள். நாங்கள் மேலே போனோம். விழுவதற்கு முன்னால் கோதையாறு ஒரு பெரிய பாறைப் பரப்பில் விரிந்து மெல்லிசாக ஓடுகிறது. சில இடங்களில் கணுக்கால் நனைகிற அளவுதான். ஒரு பலா இலையைப் போட்டால் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே, ஒரு சுழியிலிருந்து அடுத்த சுழிக்குக் கைமாறிப் போவதைக் கண்ணால் தொடர முடிகிறது. அந்தப் பரப்பு முடிகிற இடத்தில் தண்ணீர் சுமார் ஐம்பது அடி கீழே விழுகிறது. அதற்குப் பிறகு இலை என்ன ஆனது என்று சிவபெருமானுக்குத்தான் தெரியும், பக்கத்திலேயே மகாதேவர் கோயிலில் இருக்கிறார்.

ஓல்காவின் பெரிய சாதனைக்கும் இன்னும் யாராலும் முடியாத வேலைக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கறாரான கணித ஆள் சண்டைக்கு வருவார். பாறைமேல் ஓடும் மெல்லிய தண்ணீர் உண்மையில் இரு பரிமாண ஓட்டம் ஆகாது, அடியில் பாறை பிடித்து இழுக்கிறது என்பார். சரிதான். உவமைக்கு இவ்வளவு இடம் கொடுங்கள்.

1822-ல் நேவியர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாகுத்தன்மையை, அதாவது தண்ணீருக்குள்ளேயே இருக்கும் உராய்வை, சேர்த்துச் சமன்பாட்டை எழுதினார். 1845-ல் ஸ்டோக்ஸ் அதை இன்று நாம் படிக்கும் முறையில் நிறுவினார். (நேவியர் எழுதி நூறு வருடம் கழித்துப் பிறந்தவர் ஓல்கா.) கேள்வி எளிமையானது. இந்த நொடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று முழுசாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நொடி, அடுத்த வருடம், என்றென்றைக்கும் அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு விடை இருக்குமா? அந்த விடை ஒன்றே ஒன்றுதானா? அல்லது எங்கேயாவது ஒரு புள்ளியில் வேகம் எல்லையில்லாமல் எகிறி, சமன்பாடு கையை விரித்துவிடுமா?

எல்லையே இல்லாத தட்டைப் பரப்புக்கு, அதாவது இரு பரிமாணத்துக்கு, லெரே என்ற பிரெஞ்சுக்காரர் 1930-களிலேயே பதில் சொல்லியிருந்தார். ஆனால் உலகத்தில் தண்ணீருக்குக் கரை உண்டு, சுவர் உண்டு. சுவரோடு சேர்ந்த தட்டை ஓட்டத்துக்கு எக்காலத்துக்கும் ஒரே விடை உண்டு என்று ஓல்கா 1950-களின் கடைசியில் நிறுவினார்.

அதற்கு அவர் கையில் எடுத்த ஆயுதம் ஒரே ஒரு வரி. இன்றைக்கு அதன் பெயர் லதிஷென்ஸ்கயா சமனின்மை. தட்டை ஓட்டத்தில் வேகத்தின் நான்காம் படியைப் பரப்பு முழுக்கக் கூட்டிக்கொள்ளுங்கள். அது எவ்வளவு பெரிதானாலும், ஓட்டத்தின் ஆற்றலையும் அந்த ஆற்றல் உராய்வில் தேய்கிற வீதத்தையும் பெருக்கி வருகிற தொகையில் ஒரு குறிப்பிட்ட மடங்கைத் தாண்டாது. ஆற்றல் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். மொத்தத்தில் எவ்வளவு தேயும் என்பதும் தெரியும், இருப்பதற்கு மேல் தேய முடியாதே. ஆகவே தெரியாத பூதத்தைத் தெரிந்த இரண்டு பேரைக் கொண்டு கட்டிப்போட்டாகிவிட்டது. மருமகள் இதைப் பாறையில் ஈரவிரலால் எழுதிக்காட்டினாள். எழுதி முடிப்பதற்குள் முதல் பாதி காய்ந்துவிட்டது.

"அதே வரியை மூணு பரிமாணத்துல எழுதினா?" என்றேன்.

"எழுதலாம் மாமா, அதுவும் அவங்களே எழுதியிருக்காங்க. ஆனா படி மாறிடும். தேய்மானத்துப் பக்கம் வர்ற சாய்வு, அதான் இடத்துக்கு இடம் வேகம் மாறுற அளவு, ரெண்டாம் படியில இருந்து மூணாம் படிக்குப் போயிடும். ரெண்டாம் படிக்குத்தான் நம்மகிட்ட பிடி இருக்கு."

ஒரு படி வித்தியாசம். அவ்வளவுதான். அந்த ஒரு படியில் உலகத்துக் கணித ஆட்கள் எல்லோரும் இன்றுவரை வழுக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2000-ல் கிளே கணித நிறுவனம் இந்த முப்பரிமாணக் கேள்வியைப் பத்து லட்சம் டாலர் பரிசுக்கான ஏழு கணக்குகளில் ஒன்றாக வைத்தது. பரிசு அப்படியே இருக்கிறது.

ஏன் இப்படி என்பதை அருவிக்குக் கீழே ஒரு சின்னப் பெண் காட்டினாள். குளித்து முடித்துவிட்டுக் கையை விரித்துத் தட்டாமாலை சுற்றினாள். சுற்றும்போதே கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள், வேகம் குபீரென்று ஏறியது, தடுமாறி அம்மா மேல் விழுந்தாள். தண்ணீரில் ஒரு சுழியும் அப்படித்தான். முப்பரிமாணத்தில் மற்ற ஓட்டங்கள் அதைப் பிடித்து நீளமாக இழுக்கலாம். இழுக்க இழுக்க மெலியும், மெலிய மெலிய வேகமாகச் சுற்றும். அப்படியே போனால் எங்கே நிற்கும்? பாகுத்தன்மை பிடித்து நிறுத்திவிடுமா? தட்டைப் பரப்பில் சுழியை இழுப்பதற்கு மேலும் கீழும் இடமே இல்லை. ஆகவே அங்கே இந்த வில்லங்கமும் இல்லை.

பிறகு நானும் குளித்தேன். ஐம்பது அடி உயரத்திலிருந்து முதுகில் விழுவது எந்தப் படி என்று யோசிக்கத் தோன்றவில்லை. கண்ணாடி போய்விட்டது.

நான்காம் நாள்: மாத்தூர், நடுவில் மழை

குலசேகரத்தில் ஒரு கடையில் தற்காலிகத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன். காலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பயணக் கட்டுரை சமையல் குறிப்பாகிவிடும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் அது ரயில் பாலம் என்று நினைப்பார்கள். 28 தூண்கள், 115 அடி உயரம். கீழே பரளியாறு. மேலே ஓர் ஆள் உயரத் தொட்டிக்குள் பட்டணங்கால் சானல் தண்ணீர், ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஆற்றுக்கு மேலேயே போகிறது. காமராஜர் காலத்தில் நினைத்து 1966-ல் முடித்த வேலை. தண்ணீரைத் தண்ணீர் தாண்டுகிற இந்தக் காட்சிக்காக மாணவர்களை வருடா வருடம் பஸ்ஸில் கூட்டிவந்திருக்கிறேன். பாதிப் பேர் நடுப்பாலத்தில் நின்று கீழே பார்க்கவே பயப்படுவார்கள்.

பாலம் என்றதும் நேவியர் நினைவு. அவருக்கு அந்தக் காலத்தில் பேர் வாங்கித் தந்ததும் பேரைக் கெடுத்ததும் பாலம்தான். பாரிஸில் செய்ன் நதிமேல் அவர் கட்டிய தொங்குபாலம் 1826-ல் திறப்பதற்கு முன்னாலேயே நகர்ந்து விரிசல் விட்டது, பிரித்துப்போட்டார்கள். பொறியாளன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் அமைதியாகப் போவதுபோல் தெரியும். ஒரு மீட்டர் ஆழம், நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்று வைத்தால், ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் பத்து லட்சம். அதாவது கொந்தளிப்பு. உள்ளே பெரிய சுழி சின்னச் சுழியாக உடைந்து, அது இன்னும் சின்னதாக உடைந்து மில்லிமீட்டருக்கும் கீழே போகிறது. எந்தக் கணினியாலும் இந்தச் சானல் முழுவதிலும் ஒவ்வொரு சுழியையும் எண்ணி மாளாது. அதனால் நாங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். சின்னச் சுழிகளைக் கணக்கில் எடுக்காமல், ஓட்டம் எங்கே அதிகமாக முறுக்குகிறதோ அங்கே பாகுத்தன்மையைச் செயற்கையாகக் கூட்டிவிடுவது. வானிலைக் கணிப்புக்காக ஸ்மகோரின்ஸ்கி 1963-ல் சொன்ன வழி. பல வருடம் பயன்படுத்தியிருக்கிறேன், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

நேற்று ராத்திரி மருமகள் சொன்ன செய்தி இதுதான்: 1966-ல், இந்தப் பாலம் முடிந்த அதே வருடம், மாஸ்கோவில் நடந்த உலகக் கணித மாநாட்டில் ஓல்கா ஒரு மாற்றுச் சமன்பாட்டை முன்வைத்தார். வேகச் சாய்வு ஏறினால் பாகுத்தன்மையும் ஏறும். அப்படி எழுதினால் முப்பரிமாணத்திலும் ஒரே விடைதான் என்று நிறுவ முடிகிறது. நாங்கள் வேலை நடக்கவேண்டுமே என்று செய்த தந்திரமும், அவர் நிரூபணம் வேண்டும் என்று எழுதியதும் கிட்டத்தட்ட ஒரே உருவம். பாலத்தின் நடுவில் நின்று இதை யோசித்தபோது எனக்கு லேசாகத் தலைசுற்றியது. புதுக் கண்ணாடியாகவும் இருக்கலாம்.

மழை வலுத்தது. ஒன்றரை மணி நேரம் ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் பழம்பொரி தின்றுகொண்டே மிச்சக் கதை. ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா ஓல்காவின் தோழி, அவருக்கு ஒரு கவிதையைக் காணிக்கையாக்கியிருக்கிறார். சோவியத் அரசை எதிர்த்து எழுதிய சோல்ஜெனிட்சினுக்கு ரகசியமாக உதவியவர்களில் ஓல்காவும் ஒருவர். அப்பாவைக் கொன்ற அரசின் கீழேயே லெனின்கிராடில் ஸ்தெக்லோவ் கணித நிறுவனத்தில் ஆய்வுக்கூடத் தலைவராக இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கான 1958 குறும்பட்டியலில் அவர் பெயர் இருந்தது பல பத்தாண்டு கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஒரு பெண் அந்தப் பதக்கத்தை வாங்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது மிர்சாகானி. பதக்கம் கிடைக்காததைப் பற்றி எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட மருமகளுக்கு வரவில்லை. அவளுக்கு அந்த நான்காம் படிதான் பெரிது.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைச் சாயங்காலம் பார்த்தோம். கோதையாறும் பரளியாறும் சேர்கிற மூவாற்றுமுகத்துக்கு மழையில் போக முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

ஐந்தாம் நாள்: தேங்காப்பட்டணம்

குழித்துறை வழியாக வந்தோம். பேச்சிப்பாறையில் பார்த்த தண்ணீர் இங்கே தாமிரபரணி என்ற பெயரில் கடலுக்கு வருகிறது. (திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், இது வேறு.) மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம், ஜூலை முடியும்வரை. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, வள்ளங்கள் மட்டும் போய்வந்தன. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நின்று பேசவிடவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் பிறந்த அலை குமரி முனையைச் சுற்றிக்கொண்டு வந்து குளச்சலையும் அடித்தது. வளைந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 4000 மீட்டர் ஆழத்தில் அப்படிப்பட்ட அலை மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகும், பத்து மீட்டர் ஆழத்துக்கு வந்தால் முப்பத்தாறு. வேகம் குறையக் குறைய உயரம் ஏறும். இந்தக் கணக்கை வகுப்பில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். கரையில் நின்றுகொண்டு போட முடியவில்லை.

ஓல்கா அந்த டிசம்பரைப் பார்க்கவில்லை. அதே வருடம் ஜனவரி 12-ல், தூக்கத்திலேயே போய்விட்டார், எண்பத்தொரு வயது. கண் மங்கி, தனியான பென்சில் வைத்துத்தான் கடைசிக் காலத்தில் எழுதினார். கிளே பரிசு அறிவிப்பில் கேள்வியை வைத்திருந்த விதம் அவருக்கு ஒப்பவில்லை என்று மருமகள் சொன்னாள். விடை வழுவழுப்பாக இருக்குமா என்பதல்ல விஷயம். இந்தச் சமன்பாடு நாளைய ஓட்டத்தை இன்றிலிருந்தே தீர்மானித்துச் சொல்கிறதா, இல்லையா? அதுதான் அவருக்குக் கேள்வி. முப்பரிமாணத்தில் சொல்லாமலும் போகலாம் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது.

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தோம். ஆற்றுத் தண்ணீர் கலங்கல் நிறத்தில் வந்து கடலில் முட்டி, மணலைப் போட்டுத் திட்டு எழுப்பியிருந்தது. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம், காற்று எப்போது இறங்கும், திட்டு எந்தப் பக்கம் நகரும் என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இருபது வருடம் படித்தாலும் எனக்கு வராத பார்வை.

"அப்போ நாளைக்கு வள்ளம் எந்த வழியா போகும் தாத்தா?" என்றாள் இவள்.

அவர் கடலைப் பார்த்தார். "நாளைக்கிக் காலத்த வந்து பாரு மக்ளே. இப்பம் சொன்னா கள்ளமாயிப் போவும்."

எங்களுக்கு ராத்திரி ரயில். மருமகள் டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரத்து செய்தால் பாதிப் பணம்கூடத் திரும்பாது என்று சொன்னேன். பிறகு அறைக்காரருக்கு ஃபோன் போட்டு இன்னொரு நாள் வேண்டும் என்றேன்.